எத்தனை ‘ஓவர்’ போடலாம்? நீண்ட ஃபோர்க் சாப்பரின் அளவைத் தீர்மானிக்கும் முறை

சாப்பர் என்பது கம்பெனி மோட்டார் சைக்கிளை வெட்டி மாற்றிக் கட்டும் வண்டி; அதன் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களே முன்ஃபோர்க். நீண்ட முன்ஃபோர்க் வைத்த சாப்பர் ஒன்றைக் கட்டவோ வாங்கவோ நினைப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, ‘எத்தனை ஓவர் போடலாம்?’ என்பதுதான். கம்பெனி கொடுத்த ஃபோர்க்கைவிட எத்தனை அங்குலம் நீளம் என்பதையே சாப்பர் கட்டுபவர்கள் ‘ஓவர்’ என்கிறார்கள். ‘சிக்ஸ் ஓவர்’ என்றால் ஆறு அங்குலம் கூடுதல், ‘ட்வெல்வ் ஓவர்’ என்றால் ஓரடி கூடுதல். என் அனுபவத்தில் இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்தக் காலத்துச் சாப்பர் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால், சேஸியின் கழுத்து, அதாவது ஃபோர்க் திரும்பும் குழாய், எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கும். அந்தக் கோணத்துக்கு ஓடும்படியான ட்ரெயில் (கழுத்தின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன்அச்சுக்கு நேர்கீழே உள்ள இடத்துக்கும் இடைப்பட்ட தூரம்) எவ்வளவு என்று கணக்கிட்டால், ஃபோர்க்கின் நீளம் மீதியாகத் தானே வந்து விழும். ரசனை அறுபது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

எந்தக் காலத்தின் வண்டி?

சாப்பருக்கு முன்னோடி, கலிஃபோர்னியாவில் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பரவிய ‘பாப் ஜாப்’ வண்டிகள். ஹார்லி, இந்தியன் ஆகிய கம்பெனிகளின் கனமான வண்டிகளிலிருந்து முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டை வெட்டிக் குறுக்கி, எடையைக் குறைத்து வேகம் கூட்டுவதே அவற்றின் நோக்கம். அவற்றில் ஃபோர்க் கம்பெனி அளவிலேயே இருந்தது. ஆகவே நாற்பதுகளின் வண்டி என்று சொல்லிக்கொண்டு எட்டு ஓவர் ஃபோர்க் பொருத்துவது காலக் குழப்பம். அப்படி ஒரு வண்டியை விற்பனைக்குப் பார்த்தால் விற்பவரின் மற்றச் சொற்களையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.

ஃபோர்க் நீளத் தொடங்கியது அறுபதுகளில். ஹார்லி நிறுவனம் 1949-இல் ஹைட்ரா கிளைடு மாடலில் குழாய்க்குள் குழாய் வழுக்கும், எண்ணெய் நிரம்பிய டெலஸ்கோபிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்த பிறகு, வெளியே ஸ்பிரிங் தெரியும் பழைய ஸ்பிரிங்கர் ஃபோர்க்குகள் பட்டறைகளில் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் கால்களை வெட்டி நடுவே துண்டு வைத்துப் பற்றவைத்து நீட்டுவது எளிது. நீட்டியதும் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. அதைத் தாழ்த்தி சேஸியை மட்டத்துக்குக் கொண்டுவரக் கழுத்தை வெட்டிச் சாய்த்தார்கள். இன்று நாம் ‘ரேக்’ என்று சொல்லும் சாய்வு சாப்பருக்குள் வந்த வழி இது. 1969-இல் வெளியான ‘ஈஸி ரைடர்’ படத்தின் கேப்டன் அமெரிக்கா வண்டி இந்தக் கட்டத்துக்குச் சரியான சான்று: ஹார்லியின் பான்ஹெட் எஞ்சின், பின்பக்கம் ஷாக் இல்லாத ரிஜிட் சேஸி, நீட்டிய டெலஸ்கோபிக் ஃபோர்க், முன் பிரேக் இல்லாத மெல்லிய சக்கரம். அதை உருவாக்கிய கிளிஃப் வாஸ் (Cliff Vaughs), பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பின அமெரிக்கர்களின் பெயர் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை என்பது இந்தக் கலையின் வரலாற்றில் ஒரு கசப்பான பக்கம்.

எழுபதுகளில் நீளம் ஒரு போட்டியாகவே மாறியது. சான் பெர்னார்டினோவின் டென்வர்ஸ் சாப்பர்ஸ் போன்ற பட்டறைகளின் ஒல்லியான நெடிய ஸ்பிரிங்கர்கள், முறுக்கிய சதுரக் கம்பியில் செய்த கால்கள், பட்டைக் குழாயில் செய்த கர்டர் ஃபோர்க்குகள், சவப்பெட்டி வடிவ டேங்க், சீட்டுக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் சிஸ்ஸி பார் கம்பி ஆகியவை சேர்ந்து வந்தால் அது அந்தப் பத்தாண்டின் முத்திரை. 1969-இல் சந்தைக்கு வந்த ஹோண்டா சிபி 750-உம் இந்த வெறிக்குத் தப்பவில்லை. நான்கு சைலன்சர்களோடு நிற்கும் ஹோண்டா சாப்பர் ஒன்றைப் பார்த்தால் எழுபதுகளின் வாசம் என்று தயங்காமல் சொல்லலாம். அதே காலத்திலேயே எதிர்க்குரலும் எழுந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஆர்லன் நெஸ் போன்றோர் ‘டிக்கர்’ பாணியை வளர்த்தார்கள். அதில் நீளம் ஃபோர்க்கில் இல்லை, சேஸியில் இருந்தது. வண்டி தரையோடு படுத்து, அம்பு போல நீண்டு, ஒல்லியான குட்டை ஃபோர்க்கோடு நின்றது. நீண்ட சாப்பர் என்றாலே நீண்ட ஃபோர்க் என்று எண்ணுவோர் டிக்கர் ஒன்றைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள்.

பிறகு ஹார்லி கம்பெனியே இந்த ரசனையை வாங்கிக்கொண்டது. 1971-இன் சூப்பர் கிளைடில் தொடங்கி, 1980-இன் வைடு கிளைடில் நீட்டிய ஃபோர்க்கும் 21 அங்குல முன்சக்கரமும் ஷோரூமுக்கே வந்தன; 1984-இன் சாஃப்டெயில், ஷாக்கை கியர்பாக்ஸுக்கு அடியில் மறைத்து, பழைய ரிஜிட் சேஸியின் கோட்டைத் திருப்பிக் கொடுத்தது. சுவீடனில் மட்டும் நீண்ட ஃபோர்க் மோகம் ஒருபோதும் முற்றாக அடங்கவில்லை. பின்அச்சிலிருந்து கழுத்துவரை ஒரே நேர்க்கோடாக ஏறும் தாழ்ந்த சேஸி, நன்றாகச் சாய்ந்த கழுத்து, தடித்த குழாய்களோடு வெகுதூரம் முன்னே ஓடும் ஃபோர்க் ஆகியவை சுவீடன் பாணியின் அடையாளங்கள். டோலே ஃபோர்க்குகள் அந்த நாட்டுக் கைவேலைதான்.

இரண்டாயிரங்களில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் தயவால் சாப்பர் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்தது. லாங் பீச்சின் வெஸ்ட் கோஸ்ட் சாப்பர்ஸ், நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச் கவுண்டி சாப்பர்ஸ் ஆகிய பெயர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டாதவர்களுக்கும் பழகின. இந்தக் கட்டத்தை அடையாளம் காட்டுவது ஃபோர்க்கைவிடப் பின் டயர்தான்: 250 மி.மீ., 280 மி.மீ., 300 மி.மீ. அகலம் கொண்ட உருளைகள். முன்னே நீண்ட ஃபோர்க்கும் பின்னே அகன்ற டயரும் சேர்ந்த அந்த வண்டிகள் நிற்கும்போது கம்பீரமாக இருந்தன, வளைவில் கல்லுரல் போலத் திரும்பின. இது என் கருத்து, மறுப்பவர்கள் இருக்கலாம். அதே ஆண்டுகளில் புரூக்ளினில் இண்டியன் லேரி என்ற சாப்பர் கட்டுபவர், குட்டையான ஃபோர்க்கும் இறுக்கமான சேஸியும் கொண்ட வண்டிகளைக் கட்டி நேரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். 2008-இன் பொருளாதாரச் சரிவோடு விலையுயர்ந்த அகன்ற டயர்ச் சாப்பர்களின் சந்தை சரிந்தது. ஹோண்டா தன் ஃபியூரியை 2010 மாடலாக, ஏறத்தாழ 1.8 மீட்டர் வீல்பேஸோடு (இரண்டு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) வெளியிட்டபோது அலை ஏற்கெனவே வடிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பழைய பாப் ஜாப் வழியில் பாபர்கள் வந்தன, உயர்ந்த ஹேண்டில்பாரும் நல்ல சஸ்பென்ஷனும் கொண்ட வேக ஹார்லிகள் வந்தன. 2009-இல் தொடங்கிய பார்ன் ஃப்ரீ போன்ற கலிஃபோர்னியக் கண்காட்சிகளில், எழுபதுகளின் ஒல்லி டயரும் நெடிய ஸ்பிரிங்கரும் இளைஞர்கள் கையில் மறுபடி உயிர்பெற்றன.

இதில் எது உங்களுக்கு வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். ‘அறுபதுகளின் இறுதி, மிதமான சாய்வு, ஆறு ஓவருக்குள்’ என்று எழுதிவிட்டால், பிறகு கண்காட்சியில் பார்த்த பன்னிரண்டு ஓவர் மனத்தைக் கலைக்காது. ஒரே வண்டியில் இரண்டு காலங்களைக் கலப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

சுண்ணக்கட்டியும் தூக்குக்குண்டும்

கணக்குக்கு முன் அளக்கப் பழக வேண்டும். கையில் இருக்கும் எந்த மோட்டார் சைக்கிளிலும் இதைச் செய்து பார்க்கலாம். சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, முன்சக்கரத்தை நேராக வைத்து, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழுத்துக் குழாயின் பக்கவாட்டில், அதற்கு இணையாக, ஒரு நீண்ட நேரான பட்டியைப் பிடித்துத் தரைவரை இறக்குங்கள். பட்டியின் கோடு குழாயின் நடுக்கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். அது தரையைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி. பிறகு முன்அச்சின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் இடத்தில் இன்னொரு குறி. முதல் குறி முன்னால் இருக்கும், இரண்டாவது அதற்குப் பின்னால் இருக்கும். இடைப்பட்ட தூரமே ட்ரெயில். பட்டி செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதைக் கோணமானியால் பார்த்தால் அது ரேக்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேக் என்பது கழுத்தின் சாய்வு. ஃபோர்க் கால்களின் சாய்வு அன்று. பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் இணையாக ஓடுவதால் வேறுபாடு தெரியாது. ஆனால் கால்களைப் பிடித்திருக்கும் ட்ரிபிள் ட்ரீயையே சில டிகிரி சாய்த்துக் கடைந்த வண்டிகள் இருக்கின்றன; அவற்றில் கழுத்து ஒரு கோணத்திலும் கால்கள் இன்னொரு கோணத்திலும் இருக்கும். வாங்கப் போகும் வண்டியின் அருகே உட்கார்ந்து, கழுத்தையும் கால்களையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டுப் பாருங்கள். இணையாக இல்லையென்றால் அளக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

ட்ரெயில் கணக்கு

ட்ரெயில் என்பது கடைகளில் பொருள் வைத்துத் தள்ளும் வண்டியின் முன்சக்கரம் தான் சுழலும் அச்சின் பின்னே இழுபடுவது போன்றது. அதுதான் ஓடும் வண்டியின் சக்கரத்தைத் தானாக நேராக்குகிறது. அது குறைந்தால் வேகத்தில் கைப்பிடி நடுங்கும். மிகுந்தால் வண்டி நேராகவே போக விரும்பும், மெதுவாகத் திருப்பும்போது சக்கரம் ஒரு பக்கமாகத் தொப்பென்று சரியும். சாப்பர் கட்டுபவர்கள் பொதுவாக 4 அங்குலத்திலிருந்து 6 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 100 முதல் 150 மி.மீ. வரை, ஓடத்தக்க எல்லையாகக் கொள்கிறார்கள்.

சூத்திரம் எளியது. சக்கரத்தின் ஆரத்தை ரேக் கோணத்தின் சைனால் பெருக்கி, அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்து, மீதியை அதே கோணத்தின் கோசைனால் வகுக்க வேண்டும். ஆஃப்செட் என்பது கழுத்தின் நடுக்கோட்டிலிருந்து முன்அச்சு எவ்வளவு முன்தள்ளி இருக்கிறது என்ற அளவு. 90/90-21 டயர் போட்ட சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 348 மி.மீ.; ஆஃப்செட் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரேக் 30 டிகிரி என்றால் ட்ரெயில் 132 மி.மீ.; நல்ல அளவு. கழுத்தை 38 டிகிரிக்குச் சாய்த்தால் 196 மி.மீ.; வண்டி நெடுஞ்சாலையில் ரயில் போல நேராகப் போகும், சந்து முனையில் மல்லுக்கட்டும். 45 டிகிரிக்குச் சாய்த்தால் 263 மி.மீ.; பத்தடி அகலத் தெருவில் திருப்பிப் பார்த்தால்தான் அந்த எண்ணின் பொருள் தோளுக்குப் புரியும்.

சாய்ந்த ட்ரிபிள் ட்ரீயின் பயன் இங்கேதான் வருகிறது. 38 டிகிரிக் கழுத்தில், ட்ரீயிலிருந்து அச்சுவரை 760 மி.மீ. நீளமுள்ள ஃபோர்க்கை 5 டிகிரி சாய்ந்த ட்ரீயில் பொருத்தினால், அச்சு ஏறத்தாழ 66 மி.மீ. கூடுதலாக முன்னே தள்ளப்படுகிறது. ட்ரெயில் 196-லிருந்து 112-க்கு இறங்கிவிடுகிறது. பார்வைக்கு ஃபோர்க் 43 டிகிரியில் நீண்டிருக்கும், ஓட்டத்துக்கோ அடக்கமாக இருக்கும். கழுத்து அதிகம் சாய்ந்த வண்டிக்கு இது மருந்து.

அதே மருந்து தவறான நோயாளிக்கு விஷம். கம்பெனி 30 டிகிரிக் கழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வெட்டி ஒட்டும் செலவை மிச்சப்படுத்த 7 டிகிரி ட்ரீ மட்டும் வாங்கிப் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். 693 மி.மீ. ஃபோர்க்கில் அது அச்சை 84 மி.மீ. முன்னே தள்ளும், ட்ரெயில் 132-லிருந்து ஏறத்தாழ 34 மி.மீ.க்கு விழும். வண்டி படத்தில் அழகாக இருக்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது கைப்பிடி இருபுறமும் அடித்துக்கொள்ளத் தொடங்கினால், அதை நிறுத்தக் கைவலிமை போதாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி நினைவில் நிற்க வேண்டுமென்றால், அது இந்த வரியாகவே இருக்கட்டும்: கழுத்தின் கோணம் தெரியாமல் சாய்ந்த ட்ரீ வாங்காதீர்கள்.

இப்போது நீளம்

கோணம் முடிவானதும் நீளத்துக்கு ஒரு வகுத்தல் போதும். சேஸி மட்டமாக நிற்கும் நிலையில், கீழ் ட்ரீயிலிருந்து முன்அச்சுவரை உள்ள செங்குத்து உயரத்தை அளந்து, ஃபோர்க் சாயும் கோணத்தின் கோசைனால் வகுத்தால் தேவையான நீளம் வரும். அந்த உயரம் 600 மி.மீ. என்றால், 30 டிகிரியில் 693 மி.மீ., 38 டிகிரியில் 761 மி.மீ., 45 டிகிரியில் 849 மி.மீ. அதாவது 30-லிருந்து 38-க்குப் போக மூன்று ஓவர்கூட வேண்டியதில்லை. 45-க்குப் போனாலும் ஆறு ஓவர்தான். அதற்குமேல் பன்னிரண்டு ஓவர் வேண்டுமென்றால், கழுத்தே இன்னும் நூறு மி.மீ.க்கு மேல் உயர வேண்டும். அதற்காகத்தான் சேஸியின் முன்குழாய்களை மேல்நோக்கி நீட்டுகிறார்கள். இந்த வகுத்தலைப் போடாமல் நீளமான குழாயை வாங்கி வந்து, வண்டி வானத்தைப் பார்த்து நிற்பதைக் கண்டு திகைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சேஸியைத் தொடாமல் ஃபோர்க்கை மட்டும் நீட்டினால், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் முழு வண்டியும் பின்னோக்கிச் சாயும். ரேக்கும் ட்ரெயிலும் கூடும். கார்புரேட்டரின் மிதவையும் ஆயில் டேங்கின் மட்டமும் சாயும், சைடு ஸ்டாண்டு குட்டையாகிவிடும். இரண்டு அங்குலம்வரை பெரும்பாலான வண்டிகள் பொறுத்துக்கொள்ளும் என்பது என் மதிப்பீடு. அதற்குமேல் சேஸியில் கை வைத்தே ஆக வேண்டும்.

வாங்குவதற்கு முன் தரையில் முழு அளவில் வரைந்து பாருங்கள். இரண்டு அச்சுகள், இரண்டு சக்கர வட்டங்கள், கழுத்தின் கோடு, ஃபோர்க்கின் கோடு ஆகியவை போதும். பத்தடித் தரையும் ஒரு நூல்கண்டும் இருந்தால் ஒரு மணி நேர வேலை. தாளில் அழகாகத் தெரிந்த 45 டிகிரி, தரையில் வீட்டு வாசலைத் தாண்டி நீளும்போது பலர் 38-க்கு இறங்கி வந்துவிடுகிறார்கள்.

எந்த வகை ஃபோர்க்

டெலஸ்கோபிக் ஃபோர்க் சாயச் சாய முரண்டு பிடிக்கும். 30 டிகிரியில் சாலை கொடுக்கும் செங்குத்து அடியில் பெரும்பகுதி குழாயின் வழியே ஏறி ஸ்பிரிங்கை அமுக்கும். 45 டிகிரியில் அதே அளவு விசை குழாயைக் குறுக்கே வளைக்கவும் முயலும். குழாய் வழுக்குவதற்குப் பதிலாகப் புஷ்ஷில் இறுகிக்கொள்ளும். தவிர, வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும்: 693 மி.மீ. நீளக் குழாயை 998 மி.மீ. ஆக்கினால், அதாவது பன்னிரண்டு ஓவர் போட்டால், அதே தடிமனில் அது மூன்று மடங்கு வளையும். ஆகவே ஆறு ஓவருக்கு மேல் போகிறவர் 41 மி.மீ. குழாயோடு நின்றுவிடாமல் இன்னும் தடித்த குழாயைத் தேட வேண்டும். ஸ்பிரிங்கரிலும் கர்டரிலும் கால்கள் அமுங்குவதில்லை, இணைப்புகள்தான் ஆடுகின்றன. மிக நீண்ட சாப்பர்களில் அவற்றை அதிகம் பார்ப்பதற்கு அழகு மட்டும் காரணமன்று.

எழுபதுகளில் பரவலாக இருந்த ஒரு வழக்கத்தை மட்டும் எந்தக் காலப் பற்றுக்காகவும் திரும்பக் கொண்டுவரக் கூடாது: குழாயின் மேல்முனையில் திருகிப் பொருத்தும் ‘ஸ்லக்’ என்ற நீட்டிப்புத் துண்டு. மரையில் விரிசல் விழுந்தால் கால் இரண்டாகப் பிரியும். ஒரே துண்டாக இழுத்த நீளக் குழாய்தான் வேண்டும். அதுபோலவே முன் பிரேக் இல்லாத ஸ்பூல் ஹப். காலத்துக்குப் பொருத்தமானதுதான், ஆனால் நிறுத்தும் திறனில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குரியது. சிறிய ஒற்றை டிஸ்க் ஒன்று கோட்டைக் கெடுத்துவிடாது.

கழுத்தை வெட்டிப் பற்றவைப்பது வீட்டுப் பட்டறை வேலை அன்று. சேஸியை ஜிக்கில் பூட்டி, குழாய்க்குள்ளே இணைப்புத் துண்டு கொடுத்து, முழு ஊடுருவலோடு டிக் வெல்டிங் செய்யத் தெரிந்தவர் செய்ய வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால், வேண்டிய ரேக்கோடு கட்டி வரும் சேஸியை வாங்குவதே மலிவு. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. எனவே இங்கே நீண்ட ஃபோர்க் பெரும்பாலும் கண்காட்சி மேடைக்கும் தனியார் நிலத்துக்கும் உரியது.

கட்டி முடித்ததும் ஆக்சிலரேட்டர், கிளட்ச் கேபிள்களும் பிரேக் ஹோஸும் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது இழுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் ஓட்டம் வெற்றுத் திடலில், நடைவேகத்தில், எட்டு போட்டு. சக்கரம் எந்தக் கட்டத்தில் சரியத் தொடங்குகிறது என்பதை அங்கேயே உடம்பு கற்றுக்கொள்ளட்டும். பிறகு முப்பது, நாற்பது என்று படிப்படியாக வேகம் கூட்டி, ஒவ்வொரு படியிலும் கைப்பிடியை லேசாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு ஆட்டத்துக்குள் அடங்கினால் சரி, அடங்கவில்லையென்றால் அதற்குமேல் வேகம் வேண்டாம், ட்ரெயிலை மறுபடி அளக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் கால்களை முன்னும் பின்னும் ஆட்டிக் கோன்செட்டை (கழுத்தின் பேரிங்குகளை) இறுக்குங்கள். நீண்ட ஃபோர்க் நெம்புகோல் போல வேலை செய்வதால் அது சீக்கிரம் தளரும். கழுத்தைச் சுற்றிய வெல்டிங்கைத் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பெயிண்டில் தலைமுடி அளவு கோடு தெரிந்தாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும்.